பயிர்க்கழிவை விலைப்பொருளாக்கும் பயிற்சியை நடத்தும் முறை

அறுவடைக்குப் பின் எஞ்சும் வைக்கோல், தட்டை, தோகை, உமி, சக்கை ஆகியவற்றிலிருந்து விற்கத்தக்க பொருள் செய்ய உழவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. காலையில் மண்புழு உரம், முற்பகலில் காளான், பிற்பகலில் எரிகட்டி (கழிவை அழுத்திச் செய்யும் எரிபொருள் கட்டி), மாலையில் சான்றிதழ் என்று அந்த நாள் கழிகிறது. வந்தவர்கள் பல தொழில்களைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். ஒன்றையாவது தம் கையால் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்த்திருக்க மாட்டார்கள். இந்த வழிகாட்டி, ஒரு கழிவு, ஒரு பொருள், மூன்று சுற்று உற்பத்தி, உண்மையான விற்பனை என்ற அமைப்பில் பயிற்சி நடத்த விரும்புவோருக்கானது. மூன்றாம் சுற்றின் சரக்கு விலைக்குப் போன பிறகே பயிற்சி முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கழிவைக் கணக்கெடுத்தல்

பயிற்சி தொடங்குவதற்கு ஓர் அறுவடை முன்பாகவே கணக்கெடுப்பு தொடங்க வேண்டும். எந்தக் கழிவு, எவ்வளவு, எந்த மாதத்தில், எவ்வளவு ஈரத்துடன் கிடைக்கிறது, இப்போது அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் பொருளைத் தேர்ந்தெடுப்பது வீண். நெல்லில், விளைந்த தானியத்தின் எடைக்கு ஏறக்குறைய சமமாக, சில வேளைகளில் ஒன்றரை மடங்கு வரைகூட வைக்கோல் கிடைக்கும். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமியாகப் போகும். ஆனால் இத்தகைய பொது அளவுகளோடு நின்றுவிடாமல், உழவர்களையே வயலில் அளக்கச் சொல்ல வேண்டும். வயலின் நான்கைந்து இடங்களில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் உள்ள கழிவை வெட்டி, நன்றாக உலர்த்தி, எடை போட்டுச் சராசரி காணலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ என்றால் ஹெக்டேருக்கு 10 டன் என்ற எளிய கணக்கு எவருக்கும் புரியும். தம் வயலில் கிடக்கும் பொருளின் அளவைத் தாமே கண்டறியும்போது ஏற்படும் ஆர்வம் எந்தச் சொற்பொழிவாலும் ஏற்படாது.

இந்தக் கணக்கெடுப்பில் இரண்டு கழித்தல்கள் உண்டு. முதலாவது, மண்ணுக்கு விட வேண்டிய பங்கு. மண்காப்பு உழவு முறையில், விதைப்பு முடிந்த பிறகும் நிலப்பரப்பில் குறைந்தது 30 விழுக்காடு கழிவால் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். கழிவு முழுவதையும் வாரி எடுத்து விற்றுவிட்டால், அதிலிருந்த பொட்டாசியமும் கரிமப் பொருளும் வயலை விட்டு வெளியேறி, சில ஆண்டுகளில் அந்த இழப்பு விளைச்சலில் தெரியத் தொடங்கும். எரிப்பதும் இழப்புதான்; வைக்கோலை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடுகிறது. எனவே, எரிப்பதற்கு மாற்று முழுவதையும் விற்பது என்று கற்பித்துவிடக் கூடாது. இரண்டாவது, ஏற்கெனவே அதை நம்பியிருப்போரின் பங்கு. மாட்டுத் தீவனத்துக்கு வைக்கோலை வாங்கிச் செல்பவரும், அடுப்புக்குத் தட்டை பொறுக்கிச் செல்லும் நிலமற்றவரும் நம் பயிற்சியால் கைவிடப்படக் கூடாது. இயலுமானால் அவர்களையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்வதே நியாயமானது.

சேமிப்பையும் இப்போதே திட்டமிட வேண்டும். உதிரி வைக்கோல் ஒரு கன மீட்டருக்கு 100 கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும் என்பதால், அதை வண்டியில் ஏற்றித் தொலைவுக்குக் கொண்டு செல்வது காற்றைச் சுமப்பதற்குச் சமம். கழிவு கிடைக்கும் இடத்துக்கு அருகிலேயே பொருளாக்கும் தொழில்கள்தாம் சிறு உழவருக்குக் கட்டுப்படியாகும். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல்கட்டு பூசணம் பிடிக்கும். உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றவும் கூடும். ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகு, தரையிலிருந்து உயர்த்திய மேடையில், மழை படாமல் அடுக்க வேண்டும்.

வாங்குபவரிடம் முதலில் செல்லுதல்

பொருளைத் தேர்வதற்கு முன் வாங்குபவரைப் பார்க்க வேண்டும். பயிற்சி பெறப்போகும் உழவர்களில் நான்கைந்து பேர் நாற்றங்கால், பால்பண்ணை, உணவகம், காய்கறிக் கடை, கொதிகலன் உள்ள ஆலை என்று தம் பகுதியில் எவை உள்ளனவோ அவற்றுக்கு நேரில் சென்று, எவ்வளவு வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வேண்டும், எந்தத் தரத்தில், எந்தச் சிப்பத்தில் வேண்டும், பணம் எப்போது கிடைக்கும் என்று கேட்டு வர வேண்டும். பயிற்சியாளர் உடன் செல்லலாம். ஆனால் பேச்சை அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னாளில் விற்கப்போகிறவர் உழவர் என்பதால், மறுப்பைக் கேட்டுப் பழகுவதும் பேரம் பேசிப் பழகுவதும் அவருக்குத்தான் தேவை. ஒருவர்கூட வாங்க முன்வராத பொருளை, எவ்வளவு எளிதாகச் செய்ய முடிந்தாலும், முதல் பொருளாக எடுக்க வேண்டாம்.

வாங்குபவர் உண்டென்று தெரிந்த பின், கழிவின் தன்மை எஞ்சிய தேர்வைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடும். வைக்கோல் போன்ற உலர்ந்த, மென்மையான கழிவு சிப்பிக்காளானுக்கும் யூரியா நேர்த்தி செய்த தீவனத்துக்கும் உகந்தது. பருத்திச் செடித் தண்டு, துவரைத் தண்டு, மக்காச்சோளச் சக்கை போன்ற கட்டையான கழிவு உயிர்க்கரிக்கு, அதாவது மண்ணில் இடுவதற்காகச் செய்யும் கரிக்குப் பொருந்தும். கரும்புத் தோகை, பசுமையான சோளத் தட்டை ஆகியவற்றைக் காற்றுப் புகாமல் அமுக்கி, புளிக்கவைத்த தீவனமான ஊறுகாய்ப்புல்லாக்கலாம். உமி, மரத்தூள் போன்றவை எரிகட்டிக்கு ஏற்றவை. எனினும் எரிகட்டி இயந்திரத்துக்கு இடைவிடாத மூலப்பொருளும் மின்சாரமும் தேவைப்படுவதோடு, ஈரம் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டைத் தாண்டினால் கட்டி உடைந்துபோகும் என்பதால், புதிய குழுவுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. வாழைநாரும் அவ்வாறே கவனமாகப் பார்க்க வேண்டிய பொருள்: வாழைத்தண்டின் பெரும்பகுதி நீரே ஆதலால், நூறு கிலோ தண்டைப் பிரித்தாலும் கிடைக்கும் உலர்நார் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். அந்த ஒரு கிலோவுக்குச் சுமந்த கூலியைக் கணக்கில் சேர்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

குழுவும் கால அட்டவணையும்

1989-ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் நெல் பூச்சி மேலாண்மைக்காக, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் தொடங்கப்பட்ட உழவர் வயல்வெளிப் பள்ளி, இத்தகைய பயிற்சிக்கு நல்ல முன்மாதிரி. சுமார் 25 உழவர்கள், ஒரு பயிர்ப்பருவம் முழுவதும், வாரம் ஒருமுறை வயலிலேயே கூடி, தாமே கவனித்து, தாமே ஒப்பிட்டு, தாமே முடிவெடுப்பது அதன் அடிப்படை. நம் பயிற்சியும் தொடர்ந்து மூன்று நாள் நடப்பதைவிட, வாரத்துக்கு அரை நாளாக ஏறத்தாழ பதினைந்து வாரங்கள் நீடிப்பதே நல்லது. ஏனெனில் கழிவு மக்குவதற்கும் காளான் முளைப்பதற்கும் அவற்றுக்குரிய நாள்கள் தேவை, அவற்றை யாரும் விரைவுபடுத்த முடியாது. குழுவை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு சிறு குழுவுக்கும் தனி உற்பத்தியும் தனிக் குறிப்பேடும் கொடுக்க வேண்டும்.

யாருக்குப் பயிற்சி என்பதிலும் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. நிலம் யார் பெயரில் உள்ளதோ அவர் பயிற்சிக்கு வருகிறார். வீட்டில் அந்த வேலையைச் செய்யப்போவது வேறொருவர். பையை நிரப்பி, நீர் தெளித்து, அறுவடை செய்யப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே கேட்டு, அவரை அழைக்க வேண்டும். அவர் பெண்ணாக இருந்தால், வீட்டு வேலைகளுக்கிடையே அவருக்கு இயலும் நேரத்தில் வகுப்பை வைக்க வேண்டும். எழுதப் படிக்க இயலாதவர்களுக்கு அச்சிட்ட கையேட்டால் பயனில்லை. சரியாக வேகவைத்த வைக்கோல், வேகாத வைக்கோல், நன்கு மக்கிய உரம், அரைகுறையாக மக்கிய உரம் என்று கண்ணாடிப் புட்டிகளில் மாதிரிகளை வைத்து, தொட்டும் முகர்ந்தும் வேறுபாட்டை அறியச் செய்ய வேண்டும்.

சிப்பிக்காளானை எடுத்துக்காட்டாகக் கொண்ட பயிற்சி

குறைந்த முதலீட்டில், ஏறத்தாழ 45 நாள்களில் ஒரு சுற்று முடிந்துவிடுவதால், வைக்கோல் கிடைக்கும் இடங்களில் சிப்பிக்காளான் பயிற்சிக்கு மிகவும் பொருத்தமானது. முதல் சுற்றை முதல் வாரத்திலும், இரண்டாவதை நான்காம் வாரத்திலும், மூன்றாவதை ஏழாம் வாரத்திலும் தொடங்கினால், பதினான்காம் வாரத்துக்குள் மூன்று சுற்றுகளும் நிறைவடையும். முதல் சுற்றில் செய்த பிழையை மறந்துவிடுவதற்கு முன்பே இரண்டாம் சுற்றில் திருத்திக்கொள்ள இந்த இடைவெளி உதவுகிறது.

மழையில் நனையாத, பொன்னிறமான, அந்த ஆண்டு அறுத்த வைக்கோலையே எடுக்க வேண்டும். அறுவடைக்குச் சற்று முன்பு பூசணக்கொல்லி தெளித்த வயலின் வைக்கோலைத் தவிர்க்க வேண்டும். காளானும் ஒரு பூசணமே என்பதால் அது வளர்ச்சியைத் தடுக்கும், உண்பவருக்கும் நல்லதன்று. வைக்கோலை மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளமாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, பிறகு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவைத்து, தூய்மையான விரிப்பில் பரப்பி ஆறவிட வேண்டும். ஒரு கைப்பிடி வைக்கோலை இறுகப் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். ஏறக்குறைய 65 விழுக்காடு ஈரம் என்பதன் கைக்கணக்கு அது. இந்தப் பிழிந்து பார்க்கும் சோதனையை ஒவ்வொருவரும் பத்து முறையாவது செய்ய வேண்டும். பயிற்சி முழுவதிலும் இதைவிட முக்கியமான திறன் வேறில்லை என்றே சொல்வேன், ஏனெனில் காளான் படுக்கைகள் கெட்டுப்போவதற்கு மிகையான ஈரமே முதன்மையான காரணங்களில் ஒன்று.

பாலித்தீன் பையில் வைக்கோலை ஓர் அடுக்கு, அதன்மேல் ஓரங்களையொட்டிக் காளான் வித்து (தானியத்தில் வளர்த்த காளான் இழை) ஓர் அடுக்கு என மாறிமாறி நிரப்பி, இறுகக் கட்டி, சிறு துளைகள் இட்டு, இருட்டான, காற்றோட்டமுள்ள அறையில் தொங்கவிட வேண்டும். இரண்டு அல்லது மூன்று வாரங்களில் வெண்ணிறப் பூசண இழை பை முழுவதும் பரவிவிடும். அதன் பிறகு பையைக் கிழித்துவிட்டு, அறையின் ஈரப்பதத்தை 80 முதல் 90 விழுக்காடு வரை வைத்து, ஓரளவு வெளிச்சமும் நல்ல காற்றோட்டமும் கிடைக்கச் செய்தால், சில நாள்களில் மொட்டுகள் தோன்றும். விளிம்பு மேல்நோக்கிச் சுருளத் தொடங்குவதற்கு முன்பே பறித்துவிட வேண்டும்; பறிப்பதற்குச் சற்று முன்பு நீர் தெளிக்கக் கூடாது. உலர்ந்த வைக்கோல் ஒரு கிலோவுக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை காளான் கிடைக்கலாம். முதல் சுற்றில் இதன் கீழ் எல்லையை எதிர்பார்ப்பதே சரி, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் பயிற்சியாளரின் கடமை.

இனி, பெரும்பாலான பயிற்சிகளில் விடுபட்டுப்போகும் பகுதிக்கு வருகிறேன். ஒவ்வொரு சிறு குழுவும் சரியான பைகளோடு, வேண்டுமென்றே பிழையாக இரண்டு பைகளைச் செய்ய வேண்டும்: ஒன்று வேகவைக்காத வைக்கோலில், மற்றொன்று நீர் சொட்டும் வைக்கோலில். அவற்றுக்கு அடையாளச் சீட்டு ஒட்டி, ஏனைய பைகளிலிருந்து வெகு தொலைவில், தனியிடத்தில் வைக்க வேண்டும். பத்து நாள்களில் அவற்றில் பெரும்பாலும் பச்சைப் பூசணம் படரும் அல்லது புளித்த நாற்றம் வரும். அந்தப் பச்சை நிறத்தைத் தம் கண்ணால் பார்த்தவர், பின்பு வீட்டில் ஒரு பையில் அது புள்ளியாகத் தெரியும்போதே அடையாளம் கண்டு, அதைத் திறக்காமல் அகற்றிவிடுவார். பயிற்சியாளர் அருகில் இருக்கும்போது நேரும் தோல்வி பாடமாகிறது. அவர் சென்ற பிறகு முதன்முறையாக நேரும் தோல்வியோடு பலர் தொழிலையே விட்டுவிடுகிறார்கள்.

பாதுகாப்பில் இரண்டு விதிகளைக் கண்டிப்பாக வைக்க வேண்டும். முற்றிய காளான்கள் உதிர்க்கும் நுண்வித்துகள் மூச்சுக்குழலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், விளைச்சல் அறைக்குள் முகக்கவசமின்றிச் செல்லக் கூடாது. படுக்கையில் வேறு வடிவத்திலோ நிறத்திலோ எது முளைத்தாலும் பிடுங்கி எறிய வேண்டும். அதை உண்ணவோ விற்கவோ கூடாது.

விற்பனையும் கணக்கும்

புதிய காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். குளிரூட்டும் வசதியில்லாவிட்டால் அது ஒன்றிரண்டு நாளுக்குமேல் தாங்காது. ஆகவே பையை நிரப்பும் நாளிலேயே அறுவடை நாளைக் கணித்து, வாங்குபவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும்; எல்லாப் பைகளையும் ஒரே நாளில் நிரப்பாமல் சில நாள் இடைவெளியில் நிரப்பினால் வரத்து சீராக இருக்கும். விற்காமல் எஞ்சியதை அன்றே உலர்த்திவிடலாம். பத்துக் கிலோ உலர்ந்து ஒரு கிலோ ஆகும் என்பதை விலை சொல்லும்போது நினைவில் வைக்க வேண்டும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை எளியவை: வைக்கோலின் எடை, அதைச் சந்தையில் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் விலை, வித்து, பை, விறகு, போக்குவரத்து ஆகியவற்றின் செலவு, வீட்டார் உழைத்த மணிகள், கெட்ட பைகளின் எண்ணிக்கை, பறித்த எடை, விற்ற எடை. சொந்த வைக்கோல், சொந்த உழைப்பு என்று சொல்லி இவ்விரண்டையும் செலவில் சேர்க்காமல் விடும் பழக்கத்தால்தான், நட்டத்தில் ஓடும் தொழிலும் நெடுநாள் இலாபம்போலத் தோன்றுகிறது. மொத்தச் செலவை விளைந்த எடையால் வகுக்காமல் விற்ற எடையால் வகுக்கக் கற்றுத்தர வேண்டும். நாற்பது கிலோ பறித்து முப்பத்தொரு கிலோ மட்டுமே விற்றிருந்தால், செலவு முழுவதையும் அந்த முப்பத்தொரு கிலோவே தாங்க வேண்டும். மூன்று சுற்றுகளின் கணக்கையும் குழு முன்னிலையில் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும்போது, எங்கே பணம் கசிகிறது என்பது பயிற்சியாளர் சுட்டாமலேயே விளங்கிவிடும். கணக்கு நட்டத்தைக் காட்டினால், அதையும் மறைக்காமல் பேச வேண்டும். ஒரு குடும்பம் கடன் வாங்கி இத்தொழிலில் இறங்குவதற்கு முன் அந்த உண்மையை அறிந்துகொள்வதும் பயிற்சியின் பயனே.

உணவுப் பொருளையும் உரத்தையும் விற்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் உரிமமும் முத்திரை விதிகளும் உள்ளன. அவற்றை முதல் விற்பனைக்கு முன்பே உரிய அலுவலகத்தில் கேட்டறிந்து, விண்ணப்பம் நிரப்புவதையும் ஒரு வார வகுப்பாக வைக்கலாம்.

வேறு பொருள்களைத் தேர்ந்தவர்களுக்கு

இதே அமைப்பை மற்றப் பொருள்களுக்கும் பின்பற்றலாம். கவனிக்க வேண்டிய இடங்கள் மட்டும் மாறும்.

மண்புழு உரத்தில், புதிய கழிவை நேராகப் புழுவுக்கு இடுவதே வழக்கமான பிழை. குவித்த கழிவு மக்கத் தொடங்கும்போது அதன் வெப்பம் 55 பாகை செல்சியசைக் கடந்து செல்லும். புழு அதில் இறந்துவிடும். கரிமமும் தழைச்சத்தும் இருபத்தைந்து, முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமையுமாறு வைக்கோலுடன் சாணத்தையோ பயறுவகைச் செடிகளையோ கலந்து, இரண்டு மூன்று வாரம் மக்கவிட்டு, சூடு தணிந்த பிறகே புழுவை விட வேண்டும். உரம் வாங்குபவர் முதலில் பார்ப்பது சலித்த நேர்த்தியையும் மண்வாசனையையும்தான் என்பதால், சல்லடை வாங்குவதில் சிக்கனம் வேண்டாம்.

யூரியா நேர்த்தி செய்த தீவனத்தில், 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைப்பது முறை. யூரியாவைத் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். கைக்கணக்கு கூடவே கூடாது. அந்தக் கரைசலை மாடு குடித்துவிட்டால் இறந்துபோகக்கூடும், ஆதலால் கலக்கும் பாத்திரத்தைத் தொழுவத்தின் அருகிலேயே வைக்கக் கூடாது. தீவனத்தை ஒரு நாள் முன்பே வெளியே எடுத்து ஆறவிட்டு அம்மோனியா வாடை போன பிறகு கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கும் அசைபோடாத கால்நடைகளுக்கும் கொடுக்கக் கூடாது. பூசணம் பிடித்த கடலைக்கொடி, மக்காச்சோளம் போன்றவற்றை எந்த நேர்த்தி செய்தும் தீவனமாக்க முயல வேண்டாம். அவற்றில் இருக்கக்கூடிய அஃப்ளாடாக்சின் நஞ்சு பாலிலும் வந்து சேரும்.

உயிர்க்கரிக்குக் கூம்பு வடிவக் குழியே போதும். அடியில் தீ மூட்டி, மேலடுக்கில் வெண்சாம்பல் படியத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மேலே எரியும் சுடர் காற்றிலுள்ள ஆக்சிசனை எடுத்துக்கொள்வதால் கீழுள்ளது சாம்பலாகாமல் கரியாகிறது. குழி நிறைந்ததும் நீர் ஊற்றி முழுவதுமாக அணைக்க வேண்டும். ஈரக்கழிவைப் போட்டால் புகையும், எனவே நன்கு காய்ந்ததை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கழிவின் எடையில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு கரியாகக் கிடைக்கும். அதை அப்படியே வயலில் இடுவதைவிட மக்கிய உரத்தோடு கலந்து சில வாரம் வைத்திருந்து இடுவது நல்லது. புதிய கரி மண்ணிலுள்ள சத்துகளை முதலில் தானே பிடித்துவைத்துக்கொள்ளும்.

பயிற்சிக்குப் பின்

பதினைந்தாம் வாரத்துடன் வகுப்புகள் நின்றாலும், அடுத்த ஆறு மாதத்துக்கு மாதம் ஒருமுறை ஒவ்வொருவரின் இடத்துக்கும் செல்ல வேண்டும். செல்லும்போது முதலில் கேட்க வேண்டியது குறிப்பேடு. அது எழுதப்படாமல் இருந்தால் தொழில் தளர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தரமான வித்து தொடர்ந்து கிடைக்கிறதா, வாங்குபவர் பணம் தவணை தவறாமல் தருகிறாரா என்பவற்றையும் அப்போதே கேட்டறிந்து, பலருக்கும் ஒரே இடையூறு இருந்தால் குழுவாகச் சேர்ந்து வாங்கவும் விற்கவும் ஏற்பாடு செய்யலாம்.

இரண்டாவது பொருளை, முதல் பொருள் இரண்டு பருவம் விலைபோன பிறகு தொடங்கலாம். காளான் வளர்த்தவர்களுக்கு அது தேடாமலே கிடைக்கிறது: ஒரே பையில் அடுத்தடுத்து வரும் பறிப்புகளில் மூன்றாவதற்குப் பின் எஞ்சும் வைக்கோல் படுக்கை ஏற்கெனவே பாதி சிதைந்திருப்பதால், பாலித்தீன் பையை முழுவதுமாக அகற்றிவிட்டு, சாணத்துடன் கலந்து மண்புழுத் தொட்டிக்கு அனுப்பலாம். முதல் ஆண்டில் அந்த உரத்தை விற்பனைக்கு வைக்காமல், வைக்கோல் எடுத்த அதே வயலுக்கு இடச் சொல்லி, பக்கத்தில் ஒரு பாத்தியை உரமிடாமல் விட்டு, அடுத்த அறுவடையின்போது இரண்டு இடங்களிலும் ஒரு சதுர மீட்டர் வெட்டி எடை பார்க்க வேண்டும்.